ஒரு படத்துக்குப் பின்னால்

அட்டனில் இருந்து மஸ்கெலியா போகும் பஸ் நோர்வூட்டைத் தாண்டியபோது, முன் சீட்டு அம்மா மடியில் இருந்த சின்ன டிஜிட்டல் கமராவைப் பார்த்தபடி கணவரிடம் சொன்னார்: "நம்ம புள்ள ஒரு படத்துக்குப் பின்னாலதாங்க இருக்கா."

அதன்பிறகு எனக்கு ஜன்னல் பக்கம் கண் போகவில்லை.

"படத்த மாத்துற பட்டன் அசையலியே," என்றார் கணவர். "ரிப்பேர் கடைக்காரரு ஊதிப் பாத்தாரு, ஸ்பிரிட் போட்டுத் தொடச்சாரு. பழைய கமராவாம், இதுக்கு இப்ப பட்டன் வராதாம்."

"கடைக்குப் போறதுக்கு முந்தி, அது இறுகிக் கெடந்தப்பவும் தெறந்தா அவ மொகந்தானே வந்துச்சு. கடைசியா எடுத்த படம் அதுதானே."

"முந்துன படத்தையும் பாக்கணும்னு நீதானே சொன்ன."

"ஆமா. சவூதியில எப்பிடியெல்லாம் இருந்தான்னு பாக்க ஆசப்பட்டேன். அந்தாளு எதுக்கு நம்மள நிக்க வச்சுப் படம் எடுத்தாரு?"

"கமரா வேல செய்யுதான்னு பாத்தாரு. இப்ப அதுதான் கடைசிப் படமாயிருச்சு."

"அழிக்கச் சொல்லியிருக்கலாமே."

"அழிக்கவும் அந்தப் பட்டன்தான் வேணுமாம். இது கார்டு இல்லாத கமரா. கம்பியூட்டர்ல பாக்கணும்னா வயர் வேணும். அவ உடம்போட அனுப்புன சாமான்ல வயர் இல்லியே."

அம்மா மறுபடியும் கமராவைத் திறந்தார். திரையில் இருவரும் கடை மேசைக்கு முன்னால் ஒட்டி நின்றார்கள்.

"நாமளே அவள மறைச்சுக்கிட்டு நிக்கிறோங்க," என்றார். "கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம்."