சிம்னி அடுப்புக்குத் தீனி

காளியாயி: தட்டாதீங்க அய்யா. உள்ள ஆளில்ல.

இராயப்பன்: ஆளில்லையா? எம் மச்சான் மருந்தய்யா எங்க?

காளியாயி: வருவாரு. நீங்க றொசல்லயில இருந்து வர்றீங்களா? எங்க பெற்றீசியாம்மாவோட அண்ணன்தானே... மூக்கு அப்படியே இருக்கு.

இராயப்பன்: காளியாயிங்கிறது நீதானா? தங்கச்சி சொல்லியிருக்கா.

காளியாயி: நாந்தாங்க. இந்தப் பங்களாவ கூட்டுறது, பெருக்குறது, விறகு தூக்கிப் போடுறது எல்லாம் நாந்தான். என்ன சொன்னாங்க என்னையப் பத்தி?

இராயப்பன்: நெறையா பேசுவன்னு சொன்னா. சரி, கதவத் தொறந்து விடு. அவளோட டிரங்குப் பெட்டிய எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு எறங்கணும்.

காளியாயி: ஒக்காருங்க. இந்தப் படியில கொஞ்சம் வெயில் விழுது. உள்ள போனா குளிரும்.

இராயப்பன்: வெளிய வெயிலு, வீட்டுக்குள்ள குளிரா?

காளியாயி: இந்த வீட்டுல அப்படித்தாங்க. ஒக்காருங்க... அம்மா எப்படி இருக்காங்க?

இராயப்பன்: இருக்கா. சாப்புடுறா, கோயிலுக்குப் போறா. ஏன் வந்தேன்னு கேட்டா, குளிரு தாங்கலங்கிறா. வேற ஒரு வார்த்த வரல. குளிருக்காக ஒருத்தி புருசன விட்டுட்டு வருவாளா?

காளியாயி: குளிரு மட்டுமா இருந்தா வந்திருக்க மாட்டாங்க.

இராயப்பன்: அப்ப நீ சொல்லு. நீதான் பேசுறவளாச்சே.

காளியாயி: அவங்க மொதல்ல இருந்த வீட்ட நீங்க பாத்திருப்பீங்க. மருந்து குடுக்கிற அறை, அந்த மருந்துக் காம்பராவ ஒட்டி, ரெண்டே அறை. தல இடிக்கிற கூரை. குசினியில ஒரு அடுப்பு எரிஞ்சா வீடு பூராவும் கதகதன்னு இருக்கும். அய்யா ஊசிய அவிக்கிறதும் அந்த அடுப்புலதான், அம்மா சோறாக்குறதும் அதுலதான். எங்க புள்ளைகளுக்குக் காய்ச்சல்னா அங்க கொண்டு போயி அடுப்போரமா படுக்கப் போட்டுருவோம். மருந்து பாதி, அந்தச் சூடு பாதி.

இராயப்பன்: தெரியும். குழந்த பொறந்தப்ப அங்கதான் வந்து தங்கியிருந்தேன்.

காளியாயி: ம்... அந்தப் புள்ள தங்கல. தங்கியிருந்தா இந்த வருசம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும்.

இராயப்பன்: அத விடு. பங்களாவுக்கு எப்படி வந்தாங்க?

காளியாயி: இங்க இருந்த சின்ன தொரை சீமைக்கே போயிட்டாரு. வீடு சும்மா கெடந்தா சுவரெல்லாம் ஓதம் ஏறிரும்னு, மருந்தய்யாவ வந்து இருக்கச் சொல்லிட்டாரு பெரிய தொரை. நம்ம ஆளுகள்ல ஒருத்தரு தொரை பங்களாவுல ஏறுறது இந்தத் தேயிலத் தோட்டத்துல அதான் மொத தடவ. நாங்க குடியிருக்கிற லயத்து வரிச வீடுகள்ல இருந்து அத்தன பேரும் வந்து சாமான் தூக்குனோம். எங்க வீட்டுக்காரரு செல்லசாமி இருக்காரே, அவரு ஒரு நாற்காலிய மட்டும் மூணு பேரோட சேந்து தூக்கிட்டு வந்தாரு.

இராயப்பன்: அவ்வளவு பாரமா?

காளியாயி: அவ்வளவு சந்தோசம். பங்குச்சாமியும் வந்தாரு, வீட்ட மந்திரிக்க. மேல போட்ட கோட்ட கழட்டவே இல்ல. அஞ்சு அறையிலயும் தீர்த்தம் தெளிக்கணும்னு ஆரம்பிச்சவரு, மூணாவது அறையிலயே ஆமென் சொல்லிட்டாரு.

இராயப்பன்: அந்தச் சாமி அப்படித்தான்.

காளியாயி: சாமிய குத்தம் சொல்லக்கூடாதுங்க. அந்த வீட்டுல சன்னல் பூட்டியிருக்கும், திரைச்சீலை ஆடும். கூரை எங்கயோ வானத்துல இருக்கு. நடுக் கூடத்து ஹோல்ல ஒரு சிம்னி அடுப்பு, ஒரு மாட்டக் கட்டுற அளவுக்கு. எரிச்சா முன்னால வேகும், முதுகு வெறைக்கும். சூடெல்லாம் சிம்னியில ஏறி லயத்துப் பக்கம் போயிரும். அம்மா முன்னப் பின்ன திரும்பித் திரும்பி ஒக்காருவாங்க, ரொட்டி சுடுற மாதிரி.

இராயப்பன்: தொரைமாரு எப்படி இருந்தாங்களாம்?

காளியாயி: தொரைக்கு விறகு பொளக்க மட்டும் ரெண்டு ஆளுக்குத் தோட்டத்துல பேரு போட்டு, தோட்டமே சம்பளம் குடுக்கும். பின்னுக்கு இருக்கிற கொட்டகையில கூரை முட்ட சவுக்கு விறகு அடுக்கியிருக்கும். அய்யாவுக்கு வீட்ட மட்டும் குடுத்தாங்க. ஆள குடுக்கல.

இராயப்பன்: கேக்க வேண்டியதுதானே?

காளியாயி: அம்மாவும் அதத்தான் சொன்னாங்க. கேட்டா, 'உங்காளுகளுக்கு இந்த வீட்ட ஆள வக்கில்ல'ன்னு திருப்பி வாங்கிருவாங்கன்னு அய்யாவுக்குப் பயம். அப்புறம் லயத்து ஆளுகளும் சும்மா இல்ல. அந்தியில தேயிலக் கொழுந்த தராசுல நிறுத்துட்டு வர்றப்ப, 'நம்ம அய்யா வீட்டுல பொகை வருது பாரு'ன்னு நின்னு பாப்பாங்க. அது அவரு காதுக்குப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளும் அந்த அடுப்ப அவரு அணைய விடல.

இராயப்பன்: விறகுக்கு எங்க போனாரு?

காளியாயி: காசு குடுத்து வாங்குற லொறி விறகுதான். சம்பளம் வந்தா லொறியும் வரும். மொதல்ல மீன் வாங்குறது நின்னுச்சு. அப்புறம் தேத்தண்ணிக்குக் கலக்குற மாப்பால் டின் நின்னுச்சு. அம்மா பாடுறதுக்கு ஒரு ரேடியோ வாங்கணும்னு இருந்தாங்க...

இராயப்பன்: பாடுறதுக்கு எதுக்கு ரேடியோ?

காளியாயி: கூடச் சேந்து பாட. அதும் நின்னுச்சு. பெருநாளுக்குப் புதுச் சீலை எடுக்கல. என்கிட்ட சொல்லுவாங்க, 'காளியாயி, மத்த பொம்பளைங்க மாமியாளுக்கு ஆக்கிப் போடுறாங்க, நான் சிம்னி அடுப்புக்குத் தீனி போடுறேன்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க.

இராயப்பன்: எனக்கு ஒண்ணும் தெரியாம போச்சே.

காளியாயி: கடைசியில அம்மா குசினிக்கே வந்துட்டாங்க. அங்க ஒரு கட்டில போட்டு, நான் மலையில பொறுக்கிட்டு வர்ற மிலாற எரிச்சுக்கிட்டு இருந்தோம். கவ்வாத்து வெட்டுன தேயிலக் குச்சிதான், ஆனா நல்லா நின்னு எரியும். அய்யாவையும் கூப்புட்டாங்க. அவரு வரல. டாக்டரு குசினியில படுத்திருக்காருன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னாரு.

இராயப்பன்: அவரு மட்டும் ஹோல்லயா?

காளியாயி: தொப்பி, கோட்டு, கழுத்துக்கு மப்ளரு. தனியா. அம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுப்பாங்க, நான் கொண்டு போவேன். அந்த நடைய தாண்டுறதுக்குள்ள ஆறிரும். அவரு குடிச்சுட்டு, 'சூடா இருந்துச்சுன்னு சொல்லு'ம்பாரு. நானும் வந்து சொல்லுவேன். அம்மாவும் நம்புன மாதிரி தலைய ஆட்டுவாங்க.

இராயப்பன்: ஒரே வீட்டுக்குள்ள ஆள் விட்டுப் பேசிக்கிட்டாங்களா...

காளியாயி: சண்டையெல்லாம் இல்லீங்க. தூரம்.

இராயப்பன்: மேல சொல்லு.

காளியாயி: அப்புறம் ஆடி மழை பிடிச்சுச்சு. அக்கரப்பத்தனை ரோட்டுல மண் சரிஞ்சு லொறி வரல. கொட்டகையில விறகு இல்ல. மருந்துப் பெட்டி எரிஞ்சுச்சு, ரோசாக்கொடி படர்ற பந்தல் எரிஞ்சுச்சு, கோழிக்கூடு எரிஞ்சுச்சு. கோழியெல்லாம் எங்களோட குசினிக்கு வந்துருச்சு. அதுகளுக்கு வெக்கம் இல்ல.

இராயப்பன்: இதுக்குத்தான் கெளம்பி வந்தாளா?

காளியாயி: இல்லீங்க. நீங்க... அம்மா உங்ககிட்ட சொல்லாதத நான் சொல்லலாமான்னு தெரியல.

இராயப்பன்: சொல்லு.

காளியாயி: அந்த மழையில ஒரு நாளு, பெரிய தொரையும் தொரைசாணியும் தேத்தண்ணி குடிக்க வர்றோம்னு ஆள் விட்டுட்டாங்க. விறகுன்னு சொல்ல ஒரு துண்டு இல்ல. என்னோட மிலாறும் நனைஞ்சு கெடக்கு. அம்மா குசினியில கேக்கு போடுறாங்க, நான் கூட நிக்கிறேன். ஹோல்ல என்னமோ ஒடையிற சத்தம். அம்மா, என்னன்னு பாருன்னாங்க. நான் போறதுக்குள்ள காரு வந்துருச்சு.

இராயப்பன்: என்னத்த ஒடச்சாரு?

காளியாயி: நல்ல நெருப்பு. அந்த வீட்டுல அப்படி ஒரு நெருப்ப நான் பாத்ததே இல்ல. அம்மா தட்டத்த ஏந்திக்கிட்டு உள்ள போனாங்க. நான் கேக்கத் தூக்கிக்கிட்டு பின்னாலயே போறேன். தொரைசாணி கைய நீட்டிக் குளிர் காஞ்சுக்கிட்டே, அருமையா எரியுதே, இது என்ன மரம்னு கேட்டுச்சு.

இராயப்பன்: என்ன மரமாம்?

காளியாயி: அம்மா பாத்தாங்க. எரியுற கட்டையில ஒண்ணு முழுசா கருகல. கடைசல் பிடிச்ச காலு. அம்மாதான் பதில் சொன்னாங்க. 'பலா மரம், மேடம்'னு.

இராயப்பன்: தொட்டிலா?

காளியாயி: ஆமாங்க.

இராயப்பன்: அது... நான் செஞ்சது. ரெயில்வே பட்டறையில வேல முடிஞ்சு, பெரிய ஆசாரிகிட்ட பலா மரத்த கேட்டு வாங்கி, நானே கடைஞ்சது.

காளியாயி: தெரியுங்க. புள்ள போனப்புறமும் அம்மா அதுல வெள்ளைத் துணி விரிச்சு வச்சிருந்தாங்க. மாசா மாசம் தொவைச்சு மாத்துவாங்க. எதுக்குன்னு நான் கேட்டதில்ல.

இராயப்பன்: அப்புறம்?

காளியாயி: தேத்தண்ணி ஊத்துனாங்க. கேக்கு வெட்டுனாங்க. தொரைசாணிக்கு இன்னொரு துண்டு வச்சாங்க. காரு வரைக்கும் போயி குடை பிடிச்சு ஏத்தி விட்டாங்க. திரும்பி வந்து, கோப்பையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, ஒரு பைய எடுத்துக்கிட்டு மழையிலயே எறங்கிட்டாங்க. அய்யாவ ஒரு வார்த்த கேக்கல. அவரும் தடுக்கல. நெருப்புக்கு முன்னாலயே நின்னுக்கிட்டு இருந்தாரு.

இராயப்பன்: நனைஞ்சுக்கிட்டுத்தான் வந்து சேந்தா. 'குளிரு தாங்கலண்ணே'ன்னா. சரி, வேற சீலைய கட்டுன்னு சொல்லிட்டு நான் தூங்கப் போயிட்டேன்.

காளியாயி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

இராயப்பன்: அந்த ஆள இப்ப பாத்தேன்னா...

காளியாயி: அவரும் ஒண்ணும் நல்லா இல்லீங்க. மறுநாளு நான் சாம்பல அள்ள வந்தா, அள்ளாதன்னுட்டாரு. அவரே கையால கிளறி, கருகுன பித்தள ஸ்க்ரூவெல்லாம் பொறுக்கி, ஒரு மருந்து போத்தல்ல போட்டு வச்சாரு. அதோட சரி. அப்புறம் அந்த அடுப்புல குச்சி வைக்கல. அதே ஹோல்ல, அதே நாற்காலியில, நெருப்பு இல்லாம ஒக்காந்திருந்தாரு. பகல்ல எங்களுக்கு மருந்து குடுப்பாரு, அந்தியில இங்க வந்து ஒக்காருவாரு. இருமல் பிடிச்சுச்சு. காய்ச்சலும் வந்துருச்சு. டாக்டரய்யாவுக்கு யாரு மருந்து குடுக்கிறதுன்னு லயத்துல ஒரே யோசனை.

இராயப்பன்: லயத்துல அவரு மேல கோவம் இல்லையா?

காளியாயி: இருந்துச்சு. ஆனா நாங்கதானே அந்தப் பொகைய நின்னு நின்னு பாத்தோம்.

இராயப்பன்: காய்ச்சல் விட்டுச்சா?

காளியாயி: காய்ச்சல் விட்டதும் மொத வேலையா ஆபீசுக்குப் போயி சாவிய நீட்டுனாரு. செல்லசாமி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. பெரிய தொரை, ஏன்னு கேட்டாராம். விறகு கட்டுபடியாகலீங்க தொரைன்னு அய்யா சொல்லியிருக்காரு. அதுக்குத் தொரை, 'அடடா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா, ரெண்டு ஆளுக்குப் பேரு போட்டுக் குடுத்திருப்பேனே'ன்னாராம்.

இராயப்பன்: ...அவ்வளவுதானா?

காளியாயி: அவ்வளவுதாங்க. அய்யா தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டாரு.

இராயப்பன்: எனக்குச் சிரிக்கிறதா என்னன்னு தெரியல.

காளியாயி: சிரிக்கணும்னா இங்கயே சிரிச்சுக்குங்க. கீழ வேணாம்.

இராயப்பன்: சாவிய குடுத்துட்டாருன்னா, இந்த வீட்டுல அவரு இல்லையே. நீ என்னமோ வருவாருன்னு என்னைய ஒக்கார வச்சுக் கதை சொல்லிக்கிட்டு இருக்கே.

காளியாயி: வருவாருன்னுதான் சொன்னேன். இங்க வருவாருன்னு சொல்லலையே.

இராயப்பன்: டிரங்குப் பெட்டி?

காளியாயி: உள்ள ஒண்ணும் இல்லீங்க. சாமான் பூராவும் கீழ எறக்கியாச்சு. பழைய வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாங்க. காயிற வரைக்கும் அய்யா எங்க லயத்துல, எங்க காம்பராவுலதான் இருக்காரு. குறுக்கால சாக்க கட்டித் தொங்க விட்டிருக்கோம். அடுப்புப் பக்கம் அவருக்கு.

இராயப்பன்: மருந்தய்யா லயத்துலயா?

காளியாயி: நல்லா தூங்குறாரு. கொறட்டைதான் கொஞ்சம்.

இராயப்பன்: சரி... நீ இவ்வளவு சொல்லிட்ட. நானும் ஒண்ண மறைச்சுட்டேன். தங்கச்சியும் என் கூட வந்திருக்கா. இந்த வீட்டு வாசல்ல கால் வைக்கமாட்டேன்னுட்டா. பெட்டிய எடுக்கிறதெல்லாம் பேச்சுக்குத்தான். அவரு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னு, கீழ பாலத்துக்கிட்ட நிக்கிறா. நான் போயி சொல்லணும். நேரமாச்சு, பாவம், குளிருல நிக்கிறா.

காளியாயி: பாலத்துக்கிட்ட இல்லீங்க.

இராயப்பன்: இல்லையா?

காளியாயி: நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே நாங்க மலையில இருந்து பாத்துட்டோம். நீங்க இந்தப் பக்கம் ஏறுனதும், செல்லசாமி போயி அம்மாவ லயத்துக்குக் கூட்டிக்கிட்டு போயிட்டாரு. நான் குறுக்கு வழியில ஓடி வந்து உங்களுக்கு முன்னால இங்க நின்னேன்.

இராயப்பன்: அப்ப... அவங்க ரெண்டு பேரும் இப்ப ஒண்ணாவா இருக்காங்க? என்ன பேசுறாங்களோ, நான் கூட இருக்க வேணாமா?

காளியாயி: இன்னும் பேச்சு ஆரம்பிச்சிருக்காதுங்க. அய்யா மொதல்ல அழுவாரு. அழுது முடிக்கட்டும்னுதான் உங்கள இம்புட்டு நேரம் இந்தப் படியில ஒக்கார வச்சிருந்தேன்.