ஒரு துளி எச்சில்

என் தங்கைக்கு எச்சில் கொஞ்சம் அதிகமாகவே ஊறும். பல் டாக்டரான எனக்கு அது பெரிய தலைவலி. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இருவரும் டாக்டர்கள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எழுதிக்கொள்கிறவருக்காகச் சொல்கிறேன்.

உடைந்த முன்பல்லின் மேல் பீங்கான் ஓடு ஒட்டுவதற்கு முன், பல்லைத் தயார் செய்ய வேண்டும். அமிலக் களிம்பு தடவி, கழுவி, காற்றடித்து உலர்த்தினால் பல் சுண்ணாம்பாக வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்திருக்கும். பசை அதில்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டால் போதும், குழிகள் அடைபட்டுவிடும். ஓடு ஒட்டும், நிலைக்காது.

அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். பேன் பார்த்தேன், பாடம் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. ஆகவே யார்மீதும் எனக்குக் கோபமில்லை.

கல்யாணத்துக்கு முன் அவளுடைய உடைந்த முன்பல்லில் ஓடு ஒட்டியதும் நான்தான். கல்லாக நின்றது. பிறகு அவள் வீட்டுக்காரருக்குத் தொலைவில் வேலை கிடைத்தது. விடைபெற வந்த அன்று, உறவினர் நடுவில் அவர் சொன்னார்: "அக்கா, நீங்க ஒட்டினது தாங்குமா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க, அங்க நல்ல டாக்டராப் பாத்துக்கறோம்."

அவரை அப்போதே மன்னித்துவிட்டேன். தங்கை சிரித்தாள். நான் சரிசெய்த பல்லை என்னிடமே காட்டிச் சிரித்தாள்.

கிளம்புவதற்குள் ஓரத்தைச் சரிபார்க்கிறேன் என்று கிளினிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த ஓட்டைக் கழற்றினேன். முறைப்படி எல்லாம் செய்தேன். பல் வெளுத்ததும், கையுறை விரலை அவள் நாக்கடியில் தொட்டு பல்லின்மேல் ஓர் இழுப்பு இழுத்தேன், குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல. பிறகு ஒட்டினேன்.

இரண்டு மாதத்தில் ஓடு கழன்று, ரயிலேறி வந்தாள். நாலு நாள் தங்கினாள். ஒரே கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டே இருந்தோம். அதன்பின் அடிக்கடி வந்தாள்.

ஒவ்வொரு முறையும் ஓட்டிலுள்ள பழைய பசையைச் சுரண்டி, பல்லைத் திரும்பவும் சொரசொரப்பாக்க வேண்டும். பல் என்ன நகமா, வெட்ட வெட்ட வளர? மெலிந்தது. கூசியது. வகுப்பில் பாடம் நடத்தும்போது ஓடு விழுந்து பிள்ளைகள் சிரித்தார்களாம். ஆசிரியை வேலையை விட்டுவிட்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் லீவு கேட்கிற தொல்லை இல்லாததால் அந்த முறை பத்து நாள் இருந்தாள்.

கடைசியில் பல் ஈறோடு ஒடிந்தது. அந்த ஊர் டாக்டர் பார்த்து, பசை முழுவதும் ஓட்டிலேயே இருக்கிறது, பல்லில் பொட்டுகூடப் பிடிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார். அவள் போன் செய்தாள். கத்தவில்லை.

"இனி நீ என் வாயைத் தொடாதேக்கா. நான் பொக்கையாவே இருந்துட்டுப் போறேன்."

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் பேசுகிறாள், வருவாள். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மாட்டிய கேப் இந்நேரம் ஆடத் தொடங்கியிருக்கும். அதையும் நான்தான் ஒட்டினேன்.