இருநூற்றுப் பத்துப் பாசிமணிகள்

நான் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். முகம் கழுவி, வாசலைக் கூட்டி, கரி அடுப்பைப் பற்றவைத்துக் குளிக்கத் தண்ணீர் வைப்பேன். அது சூடாவதற்குள் கடைப் பலகையைத் திறந்து இரண்டு தையல் மெஷினுக்கும் எண்ணெய் விடுவேன். ஆறு மணிக்கு என் மனைவி ஃப்ரேமா குளிக்கப் போவாள். போகும்முன் இடுப்பிலிருந்து பாசிமணிச் சரத்தைக் கழற்றி ஜன்னல் ஆணியில் மாட்டுவாள். ஈரம் பட்டால் நூல் இற்றுவிடும். திரும்பி வந்ததும் பித்தளைக் கொக்கியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, சரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். தொப்புளுக்கு மேலே இறுக்கிப் பிடித்தால் உடம்பு ஏறியிருக்கிறது. தொங்கி இடுப்பெலும்பில் கிடந்தால் இளைத்திருக்கிறாள். எடை மெஷின் சொல்வதை அவள் காதில் வாங்கிக்கொள்வாள். சரம் சொல்வதைத்தான் நம்புவாள். உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான்.

ஐயா, நீங்கள் அவளுடைய தாய்மாமன், குடும்பத்துக்குத் தலைவர். குளிப்பாட்டும் அறையில் நடந்ததற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அடக்கம் முடிந்து ஒன்பது நாளாகிறது. கடையில் வேலை இல்லை. எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், என் மாமியாரான உங்கள் அக்கா சரத்தைத் தன் கையால் கோத்தார். நீலமும் மஞ்சளுமாக இருநூற்றுப் பத்து மணிகள். நூல் மாற்றுவது என் பொறுப்பு. வீட்டில் தையல்காரனை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் கொடுப்பாள்.

கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவள் நூற்று நான்கு கிலோ ஆனாள். எங்கள் குமாசி ஊரில் ஒரு கணவனுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. அவள் சந்தைக்குப் போனால் என் கடைக்கு விளம்பரம். துணியின் பூவேலை முழுசாகத் தெரியும், நான் சாப்பாடு போடுகிறேன் என்பதும் தெரியும். ஆனால் கரு இரண்டு முறை தங்காமல் போனது. மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், குழந்தையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். ஃப்ரேமாவுக்குக் குழந்தை வேண்டும். அதற்காக மண்ணைத் தின்னச் சொல்லியிருந்தாலும் தின்றிருப்பாள். கிழங்கை இடித்து உருட்டும் ஃபுஃபுவை விட்டாள். பனம்பழக் குழம்பை விட்டாள். சந்தைக்கு நடந்தே போனாள். மே மாதக் கடைசியில் எண்பத்தொன்பது. அந்தப் பதினைந்தும் நேர்மையான பதினைந்து. அதில் எனக்குப் பங்கில்லை.

இளைத்தால் என்னென்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. செருப்பு ஒரு அளவு பெரிதாகிவிட்டது. மோதிரம் கீரைச் சட்டிக்குள் விழுந்து, அதை நான் கடித்தேன். மரப்பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது என்றாள். உச்சி வெயிலில் குளிர்கிறது என்று என் கோட்டைக் கேட்டாள். குறட்டை நின்றுவிட்டது. நான்கு வருடம் அந்தச் சத்தத்தில் தூங்கியவன் நான். அது நின்றதும் விழித்துக்கொண்டு அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். முகத்தில் அவளுடைய அப்பா தெரிய ஆரம்பித்தார். அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மற்றவற்றைத்தான் முடியவில்லை. முன்பெல்லாம் ட்ரோட்ரோ வண்டியில் ஏறும்போதே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பாள். வண்டிக்காரன், “ஆன்ட்டி, ரெண்டு சீட்டுக்குக் குடு, நீ உக்காந்தா நான் வெளிய தொங்கணும்” என்பான். சிரித்துக்கொண்டே கொடுப்பாள். ஜூன் மாதம் அதே வண்டியில் ஏறி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “நாலு வருஷமா ரெண்டு சீட்டுக்குக் குடுத்திருக்கேன். இனிமே நீதாண்டா எனக்குக் குடுக்கணும்” என்றாள். வண்டியே சிரித்தது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

பழைய சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இதைப் போட்டிருந்தவள் எங்கே போனாள் என்று கேட்டு ஒரு பகல் முழுக்க அழுதாள். மறுநாள் வாடிக்கையாளரின் முன்னால் இடது கை ஒரு விரல் நீளம் என்று என் தையலில் குறை சொன்னாள். நீளமாகத்தான் இருந்தது. தனக்குள் இவ்வளவு கோபம் இருந்தது இப்போதுதான் தெரிகிறது, கொழுப்பு அதை மூடி வைத்திருந்தது போல என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஊர் வேறு பேசியது. வீட்டில் கஞ்சிக்கு வழியில்லையா மாஸ்டர் என்று துணி கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். என்ன வியாதி என்று இரண்டு பேர் தணிந்த குரலில் விசாரித்தார்கள். உங்கள் அக்கா ஒரு பானைக் குழம்போடு வந்து இறங்கினார். மகளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னிடம், “முழுப் பொண்ணாத்தான் குடுத்தேன், மாப்பிள்ளை. மீதிய எங்க வச்சிருக்க?” என்றார். தெருவே கேட்டது.

முதல் தடவை அது வெறும் குறும்பு. மஞ்சள் காபாச் சட்டை இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, இரண்டு இஞ்ச் பிடித்துக் கொடு என்றாள். மூன்றரை பிடித்தேன். அந்தச் சனிக்கிழமை நூல் மாற்றும்போது சரத்திலிருந்து பன்னிரண்டு மணிகளை எடுத்துப் பித்தான் டப்பாவில் போட்டேன். திங்கட்கிழமை காலை கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். திரும்பி நின்று பார்த்தாள். அன்று மாலை ஒரு உருண்டை ஃபுஃபு கேட்டாள். நானே உலக்கையைப் பிடித்து இடித்தேன். வீடு பழைய வீடாக இருந்தது. சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

நான் போட்ட கணக்கு வேறு. இவ்வளவு பட்டினிக்கும் பலனில்லை என்றால் யாராயிருந்தாலும் விட்டுவிடுவார்கள். அவள் விடுகிற பெண் இல்லை என்று உங்கள் குடும்பத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். வாரம் மூன்று மணி, சில வாரம் நான்கு. அலமாரியில் இருந்த பதினோரு உடுப்புகளையும் ஒரே அளவில் பிடித்துவந்தேன். ஒன்று இறுகி இன்னொன்று தொங்கினால் சந்தேகம் வரும். அவள் சாப்பாட்டில் நான் கை வைக்கவில்லை. ஒரு கவளத்தைக்கூடத் தட்டிவிட்டதில்லை. சாப்பிடு என்று தினமும் சொன்னேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பரில், சந்தை நடைபாதையில் எடை மெஷின் வைத்திருப்பவரிடம் ஏறிப் பார்த்திருக்கிறாள். அறுபத்தாறு காட்டியதாம். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பெண்கள் மறுபடி வரட்டும் என்று முள்ளைத் திருப்பி வைத்திருப்பான் என்றேன். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் என் முன்னால் வந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ஊர்ல எல்லாரும் எலும்பாயிட்டேங்கறாங்க. சட்டை என்னவோ மூச்சு விட முடியல. நீ அளந்து சொல்லு. நீ சொன்னா நம்பறேன்.”

நாடா கழுத்தில்தான் கிடந்தது. அளந்தேன். முப்பத்து மூன்று. நாற்பது என்றேன்.

அக்டோபரில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வை, இல்லாவிட்டால் காலில் போட்டுக்கொள்வாய் என்று சொல்லிவிட்டு, பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. சாப்பிடாமலே உடுப்பு இறுகுகிறது, சரம் ஏறுகிறது, நாள் தள்ளிப்போகிறது. குழந்தை என்றாள். நான் கல்லூரியில் உயிரியல் படித்தவன். வேலை கிடைக்காமல்தான் மெஷினுக்கு வந்தேன். பட்டினியில் உடம்பு எதை முதலில் நிறுத்தும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு வாரமும் நன்றாகச் சாப்பிட்டாள். பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். என் தையலில் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அதில் ஒரு சனிக்கிழமை சரத்திலிருந்து ஆறு மணிகள் எடுத்தேன். சட்டைகளில் வயிற்றுப் பக்கம் மட்டும் இன்னும் அரை இஞ்ச் பிடித்தேன். அவள் சந்தோஷம் கெடக் கூடாது என்றுதான்.

மருந்துக்கடையில் வாங்கிய கர்ப்பச் சோதனைப் பட்டையில் ஒரே ஒரு கோடு வந்தது. மூன்று பட்டையிலும் ஒன்றுதான். அவள் அழவில்லை. இது சாப்பாட்டு விஷயமே இல்லை, வேறு ஏதோ என்று மட்டும் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண் அவளை ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனாள். நானும் பை தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த தீர்க்கதரிசினி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரேமாவின் வயிற்றில் கை வைத்தார்.

“உன் இடுப்பச் சுத்தி ஒரு கை இருக்கு, மகளே. உன்னைக் குறையவும் விடல, பிள்ளைய நெருங்கவும் விடல. அந்தக் கை உன் வீட்டுக்குள்ளதான் இருக்கு.”

இம்மாதிரி ஆட்களை நான் நம்புவதில்லை. அன்று அந்த அம்மாளிடம் கொஞ்சம் மரியாதை வந்தது. திரும்பி வரும் வழியில், அந்தக் கை உங்கள் அக்காவுடையதாக இருக்குமோ என்று ஃப்ரேமா யோசித்தாள். இருக்காது என்று சொன்னேன். நியாயமாக நடந்துகொண்டேன்.

பரிகாரம் உபவாசம். முதலில் மூன்று நாள், பிறகு ஏழு, டிசம்பரில் இருபத்தொன்று. ஜெபவீட்டிலேயே தங்க வேண்டும். பகலில் தண்ணீர்கூடக் கிடையாது. இருட்டிய பிறகு ஒரு குவளைக் கஞ்சி. மூன்றும் ஏழும் முடிந்து வந்தபோது அவள் கைகளில் குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. சீப்பு நிறைய முடி வந்தது. மாவு சலிக்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து சலித்தாள்.

இருபத்தொரு நாளுக்குக் கிளம்புவதற்கு முன்தினம் கடைக்கு வந்து என் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“போகட்டுமா, டொன்கோர்? நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போகல.”

நீங்கள் கேட்கப்போகும் இடம் இதுதான் என்று எனக்குத் தெரியும். பித்தான் டப்பா என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திறந்து காட்டினால் போதும். அப்படிக் காட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். உடனே நன்றாகச் சாப்பிடுவாள். மருத்துவரிடம் போவாள். அடுத்த வருடம் குழந்தைகூடப் பிறக்கலாம். எல்லாம் நடக்கும், ஆனால் இந்த வீட்டில் நடக்காது. இருபத்தொரு நாள் போனாலோ அதன் பிறகு எங்கும் போக மாட்டாள், களைத்து என்னிடம்தான் வருவாள்.

“அங்க வெள்ளை உடுப்புதானே போடணும்?” என்று கேட்டேன்.

அன்றே தைத்தேன். இருபத்தெட்டு அளந்து இருபத்தேழரைக்கு வெட்டினேன். போட்டுப் பார்த்தாள். பித்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. சரியான சமயத்தில்தான் போகிறேன் என்றாள்.

பதினெட்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நான் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை நாற்பத்தைந்து. உடம்பில் உப்புச் சத்து இல்லை, இதயம் தடுமாறுகிறது என்று இளம் மருத்துவர் சொன்னார். வெள்ளை உடுப்பைக் கத்தரித்து எடுத்துவிட்டு மருத்துவமனை உடுப்பைப் போட்டிருந்தார்கள். கழற்றிய சரத்தை என் கையில் கொடுத்தார்கள். இருந்ததிலேயே சின்ன அளவு என்று செவிலி சொன்னார். அது அவளை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

ஐந்து வருடத்தில் அவள் உடம்பில் நான் தைக்காத முதல் உடுப்பு அது. அதன் முனையைப் பிடித்து மெதுவாக இழுத்து, எவ்வளவு துணி மிஞ்சுகிறது என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து ஒன்று சொன்னாள். அதன் பிறகு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதைச் செய்தேன். மறுநாள் காலை சரத்தைக் கொண்டுபோய்ப் போர்வைக்கு அடியில் அவள் இடுப்பில் மாட்டினேன். மதியம் போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்டப் பெண்கள் அவளைத் தூக்கி நிறுத்தியதும் சரம் இடுப்பில் நிற்காமல் தொடை, முழங்கால், பாதம் என்று வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. உங்கள் அக்கா அதை எடுத்து எண்ணினார். இருநூற்றுப் பத்து. அவர் கோத்தபடியே. மகள் கடைசிவரை சரம் இறுக்குகிறது, இறுக்குகிறது என்று சொன்னாளே, இந்தச் சரம் எப்படி இறுக்கியிருக்கும் என்று என்னைக் கேட்டார். எடுத்தது நான், வைத்தது நான். எண்பத்தெட்டு மணிகள். இதைப் போலீசிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

ஆனால் ஒன்று. அவள் என்மேல் வருத்தத்தோடு போனாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. துக்க வீட்டில் எல்லோரும் கடைசி வார்த்தை என்ன என்று கேட்டார்கள். டொன்கோரைத் தனியாக விட்டுவிடாதீர்கள் என்றாள் என்று சொன்னேன். அது நானாகச் சொன்னது. அவள் உண்மையில் சொன்னது அதைவிட அன்பானது. யாருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“எடுத்த மணியெல்லாம் திரும்பக் கோத்துடு, டொன்கோர். ஒண்ணு விடாம. என்னைக் குளிப்பாட்டறப்ப அம்மா எண்ணுவா.”