வெளிச்சத்தில் வைக்காத புட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவரே, மகளே, ஆய்வக நண்பர்களே!

நம் ஆய்வக உதவியாளர், நாம் எல்லோரும் இருட்டக்கா என்று கூப்பிட்ட அம்மையார், போன வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தீர்கள். அந்தத் தகுதி எனக்கு இருக்கிறதா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? மகளுக்காகச் சொல்கிறேன். கொழுப்புச் செல்கள் வெளியே சுரக்கும் ஒரு புரதம் உண்டு. உணவைச் சக்தியாக்குவதிலும் நோயை எதிர்ப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அதைத் தேட, ஒளிரும் சாயம் கோத்த ஆன்டிபாடி ஒன்றைச் சின்னப் புட்டியில் வைத்திருந்தோம். கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தேடிக் கையைப் பிடித்துக்கொள்ள, விளக்கோடு ஆள் அனுப்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் மங்கிவிடும். அதனால் அறையை இருட்டாக்கிவிட்டுத்தான் அக்கா புட்டியைத் திறப்பார். சோதனைக் குழாய்க்கெல்லாம் அலுமினியத் தாள் சுற்றுவார்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா, இல்ல உங்களையும் தாள்ல சுத்தியாச்சா?" என்பார் எழுத்தர்.

"வாய அப்புறம் தொறங்க, மொதல்ல கதவ மூடுங்க!" என்று இருட்டிலிருந்து பதில் வரும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம் வந்தார். "ஐயா, அந்தப் புரதத்தச் செய்யாத செல்லும் மினுங்குது. செத்த செல்லுல சும்மா ஒட்டிக்குதுன்னு நெனைக்கிறேன்."

ஈரப் பெயின்ட் சுவரில் யார் சாய்ந்தாலும் சட்டையில் ஒட்டும் அல்லவா? அதுதான். அவர் சொன்னது சரி என்று எனக்கு அன்றே தெரியும். ஆனால் அந்த மினுக்கத்தை நம்பி நான் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. "நீங்க குழாயக் கழுவுற வேலையப் பாருங்கம்மா" என்றேன்.

பிறகு வெளியூர் ஆய்வாளர்கள் வந்து, எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள் என்றார்கள். அன்று செல்கள் எல்லாம் உயிரோடு இருந்தன, மினுக்கமே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உதவியாளர் புட்டியை வெளிச்சத்தில் வைத்துவிட்டார் என்றேன். யாரைச் சொன்னேன்! இருட்டக்காவைச் சொன்னேன்!

அவர் வாசலருகே நின்றிருந்தார். எல்லோரும் போனபின், "நானாங்கய்யா வெளிச்சத்துல வச்சேன்?" என்று மட்டும் கேட்டார்.

"சின்ன விஷயம், விடுங்கம்மா."

ஓய்வுபெறும் வரை ஆறு வருடம் அவரைக் குழாய் கழுவும் தொட்டியடியிலேயே நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. தினமும் அவர் வணக்கம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுப் போனேன்.

இன்று காலை, அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பிவிட்டேன். புட்டி வெளிச்சத்தில் வைக்கப்படவே இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். துறைத்தலைவரே, பிரதி உங்கள் மேசையில் இருக்கிறது. புரதத்தைச் செய்யாத செல்லிலும் மினுங்குகிறதா என்று அக்கா செய்து பார்த்த அந்த ஒப்பீட்டுச் சோதனை இல்லாமல் இனி எந்த முடிவும் இந்த ஆய்வகத்தை விட்டுப் போகக்கூடாது. உறுதி கொடுப்போமா?

பிழையைக் கண்டுபிடித்தவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. பதினொரு வருடம் என்னோடு வேலை செய்தவரின் முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. நேற்று அவர் கணவருக்குப் போன் செய்து கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, "இப்ப எதுக்குங்க சார்?" என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டு, அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதினேன்.

இதற்குத்தான், ஐயா.