நாக்கு இடிக்குது, டாக்டர்

மலையின் மடியில், மாலை வெயிலின் மஞ்சளில் மலர்ந்திருக்கும் இந்த மாபெரும் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், அடி அண்ணாமலை வணிகர்களின் அன்புத் தலைவர் அண்ணன் சக்கரவர்த்தி அவர்களே! இந்தப் பல் மருத்துவமனையின் புதிய கட்டடத்தை நமக்காகத் திறந்திருக்கும் டாக்டர் அருணாதேவி அவர்களே! வேர்க்கடலைக் காட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் வைத்த பாலைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! மேடையைப் பார்த்து உட்காராமல் சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தொலைநோக்குடைய இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் கீழ்பென்னாத்தூர் கலையரசனின் கனிவான வணக்கம்.

தாய்மார்களே என்றேனே, அந்தச் சொல் உங்கள் காதில் ஒழுங்காக வந்து விழுந்ததா? என்னம்மா, விழுந்ததா? விழுந்தது என்கிறீர்கள். தாயே, இந்தப் பதிலுக்காக நான் எத்தனை மாதம் ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

காதுகுத்தா, கலையரசனைக் கூப்பிடு. கல்யாண வரவேற்பா, கலையரசனைக் கூப்பிடு. பள்ளிக்கூட ஆண்டு விழாவா, படத்திறப்பா, பாராட்டுக் கூட்டமா, கலையரசனைக் கூப்பிடு. இந்த வட்டாரத்தில் மைக் கட்டிய இடமெல்லாம் என் குரல் கேட்ட இடம்தான். பேச்சு எனக்குத் தொழில் அல்ல ஐயா. பேச்சு எனக்கு மூச்சு. அந்த மூச்சு ஒருநாள் முன்பல் வழியாக வெளியே போய்விட்டது.

எப்படிப் போனது? ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் பெரியப்பா தலைமை. தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே என்று சொல்லி, இரு கை கூப்பி, இடுப்பு வரைக்கும் குனிந்தேன். நான் குனிந்தேன், மைக் குனியவில்லை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அன்றைக்கும் கூட்டம் சிரித்தது. நான் நிமிர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேல்வரிசை முன்பற்கள் உடைந்து, சட்டையெல்லாம் இரத்தம்.

என் மகள் நந்தினி மலேசியாவில், பினாங்கில் இருக்கிறாள். செய்தி கேட்டதும் டிக்கெட் போட்டுவிட்டாள். பல்லுக்குக் கேப், அதுதான் பல்லுக்கு மேல் மாட்டும் உறை, போட்டுக்கொள்ள உலகம் முழுக்க அந்த ஊருக்கு வருகிறதாம், நீ மட்டும் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். போனேன். கண்ணாடியாலேயே கட்டிய ஆஸ்பத்திரி. சன்னலுக்கு அப்பால் கடல். மல்லாந்து படுத்தால், நாற்காலியில் படுத்திருக்கிறேனா, அலைமேல் மிதக்கிறேனா என்று தெரியாது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்படியான ஒரு சீன டாக்டர். உடைந்த பல்லின் வேரைச் சுத்தம் செய்தார். மிச்சம் நின்ற பல்லை இழைத்தார். அச்சு எடுத்தார். முத்து முத்தாய் நாலு கேப் செய்து மாட்டினார்.

கண்ணாடியைக் காட்டினார். பார்த்தேன். நானா அது? என் கல்யாணத்தன்றுகூட நான் அத்தனை அழகாக இருந்ததில்லை. என் வீட்டுக்காரி தனம் இங்கே இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இப்போது கவனியுங்கள். அந்த டாக்டர் என் மகளைப் பார்த்துச் சொன்னார்: அப்பாவைப் பேசச் சொல்லுங்கள், எங்கேயாவது உறுத்துகிறதா என்று கேளுங்கள். கேட்டாரா இல்லையா? கேட்டார். மகளும் கேட்டாள். என் நாக்கு முன்னே போனது, முட்டிக்கொண்டது. வழக்கமாகப் போய்த் தொடும் இடத்தில் யாரோ ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். நான் என்ன சொன்னேன்?

ஆமாம், நீங்களே சொல்லிவிட்டீர்கள். "பரவால்லங்க, நல்லா இருக்குது." அதைத்தான் சொன்னேன். தலையையும் நம் ஊர்க் கணக்கில் இரண்டு பக்கமும் ஆட்டினேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், இத்தனை பாடுபட்டு, குனிந்து குனிந்து வேலை பார்த்து முடித்த பிறகு, சரியில்லை என்று சொல்ல நமக்கு வாய் வருமா? மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும்போது வருமா? மரியாதை என்று நினைத்தேன் ஐயா. மரியாதையோடு விமானம் ஏறி வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து இறங்கினால், பார்த்தவர்களெல்லாம் பல்லைப் பாராட்டினார்கள். பேசியதும் முகம் மாறினார்கள். ஒரு சொல் விசிலடித்தது, ஒரு சொல் வழுக்கியது, ஒரு சொல் வாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். போட்டோவுக்குக் கூப்பிட்டால் மட்டும் போனேன்.

அதுகூடப் போகட்டும். எனக்கு ஒரு அக்கா இருக்கிறார். பெயர் சரோஜா. அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர்தான். கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். நான் பேசிய மேடைகளில், என் அக்கா முன்வரிசையில் உட்காராத மேடை கிடையாது. சர்க்கரை நோயில் அக்காவுக்குக் கண் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அவருக்குக் குரல்தான். தெருமுனையில் நான் யாரோடாவது பேசிக்கொண்டு வந்தால் போதும், வீட்டுக்குள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்கும்.

மலேசியாவிலிருந்து வந்த மறுநாள் போனேன். வாசலில் நின்று, அக்கா, வந்துட்டேன் என்றேன். உள்ளேயிருந்து பதில் வந்தது. யாருப்பா, கலையன் ஊர்ல இல்ல, அப்புறமா வா என்றார். நான்தான் அக்கா என்றேன். நம்பவில்லை. கிட்டே போய் அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். நெற்றி, மூக்கு, மோவாய், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

"மூஞ்சி எங்க கலையன் மூஞ்சிதான். எனக்கு மூஞ்ச வெச்சிக்கினு இன்னா பண்றது?"

அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு போனில் கூப்பிட்டாலும், யாரோ பேசுவது போல இருக்கிறது, தனத்திடம் கொடு என்பார். என் அக்கா உயிரோடு இருக்கிறார், நான் உயிரோடு இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே நாலு பல் நின்றது.

அப்படி இருந்தபோதுதான் தனம் என்னை இந்த டாக்டர் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். இங்கேதான், பழைய கட்டடத்தில். வந்து உட்கார்ந்தேனா, பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. மோரா என்று பெயர். உங்களுக்கெல்லாம் தெரியும், கிரிவலப் பாதை முழுக்க மோரம்மா என்று கூப்பிட்டீர்களே, அவரேதான். ஸ்காட்லாந்தில் ஒரு மலைச்சரிவில் ஆடு மேய்க்கிறவர் என்று டாக்டர் அம்மா சொன்னார். விசில் அடித்தால் அவருடைய நாய்கள் மலை முழுக்க ஓடி ஆடுகளை மடக்கிக்கொண்டு வருமாம். கிடாய் ஒன்று முட்டியதில் முன்பல் போய்விட்டது. வருடா வருடம் நம் மலையைப் பார்க்க வருகிறவர், இந்த முறை பல்லுக்கும் சேர்த்து வந்துவிட்டார். நான் இங்கேயிருந்து கடல் தாண்டிப் போனேன், அவர் அங்கேயிருந்து கடல் தாண்டி இங்கே வந்தார்.

அந்த அம்மா உள்ளே போனார். வெளியே வந்தார். வாசலில் நின்று உதட்டைக் குவித்தார். வெறும் காற்று வந்தது. நேராகத் திரும்ப உள்ளே போய், டாக்டர், இது சரியில்லை என்று கையை ஆட்டிச் சொன்னார். டாக்டரைப் பார்த்து இப்படியா சொல்வது? மறுபடி வந்தார், மறுபடி காற்று, மறுபடி உள்ளே. டாக்டர் அம்மா கோபித்துக்கொண்டாரா? இல்லை. எங்கே காற்று ஒழுகுகிறது என்று ஆசையாக ஆசையாகக் கேட்டார். நான் ஆச்சரியத்தில் அமர்ந்திருந்தேன்.

என் முறை வந்தது. டாக்டர் பார்த்தார். அழகா இருக்கே, இதில் என்ன குறை என்றார். பரவால்லங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் கை கன்னத்தில் ஊர்ந்தது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"நாக்கு இடிக்குது, டாக்டர்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கோபப்படவில்லை. "இதுக்குத்தாங்க நாங்க காத்துக்கினு இருக்கோம். உங்க நாக்கு என்கிட்ட இல்லையே, நீங்க சொன்னாத்தானே தெரியும்" என்றார்.

பழைய கேப்பை எடுத்துவிட்டுத் தற்காலிகமாக ஒன்று மாட்டினார். பிளாஸ்டிக்தான், இழைத்தால் இழையும். வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்காராமல், பேசிப் பார்த்துவிட்டு எங்கே இடிக்கிறது என்று வந்து சொல்லுங்கள், உங்கள் வாய்க்குப் பழகிய பிறகு அதே அளவில் நிஜக் கேப் செய்வோம் என்றார்.

பேசுவது என்றால் யாரிடம் பேசுவது? மலையிடம்தான். சாயங்காலமானால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரிவலப் பாதையில் இறங்குவேன். வலப்பக்கம் மலை. இடப்பக்கம் உலகம். நடுவே நான் மட்டும் ஒரு மேடையை என்னோடு எடுத்துக்கொண்டு நடந்தேன். புளிய மரங்களே, பெரியோர்களே என்றேன். குளத்தங்கரைக் கொக்குகளே, தாய்மார்களே என்றேன். மலை மஞ்சளாகி, செம்மையாகி, நீலமாகி, பிறகு நிறமே இல்லாமல் நிழலாகி என்னோடு வந்தது. காவி கட்டிய சாமியார் ஒருவர் என் வரவேற்புரை முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மணமக்கள் எங்கே என்று கேட்டார். நடக்கிறேனா, கனவில் நடக்கிறேனா? சொல் ஒன்று வழுக்கும், அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு மறுநாள் டாக்டரிடம் போவேன். ஒரு இழை இழைப்பார். அடுத்த சாயங்காலம் வேறொரு சொல்.

எனக்கு முன்னால் மோரம்மா நடப்பார். நடந்து நடந்து ஊதுவார். காற்று, காற்று, வெறும் காற்று. பெண்பிள்ளை இப்படி விசிலடிக்கலாமா என்று கிரிவலம் வந்தவர்கள் முறைத்தார்கள். அவர் ஊதிக்கொண்டே போனார். ஒருநாள், இதோ இந்த அடி அண்ணாமலைத் திருப்பத்தில், அது வந்தது. ஒரு விசில். கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். அம்மாடி, இத்தனை பேரா! எப்படி இருந்தது அது? மலையின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது போல இருந்தது. கடை வாசலில் படுத்திருந்த நாய்களெல்லாம் எழுந்து நின்றன. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் திருப்பின. கடலை வறுக்கும் ராணியம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டார். மோரம்மா சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அழுதார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அந்த அழுகை எனக்குப் புரிந்தது.

அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு நேற்றுத்தான் நிஜக் கேப் ஒட்டினார்கள்.

அன்புடையீர்! மாமியார் வீட்டுக் காபியில் சர்க்கரை இல்லையா, பரவாயில்லை என்கிறோம். தையற்காரர் கையைக் குட்டையாகத் தைத்துவிட்டாரா, பரவாயில்லை என்கிறோம். போகட்டும், அது சட்டை. ஆனால் உங்கள் உடம்பு? உங்கள் வாய்? உங்கள் வலி? உள்ளூரில் உட்கார்ந்தாலும் சொல்லுங்கள், கடல் கடந்து போனாலும் சொல்லுங்கள். கடிக்கும்போது உயரமாக இருக்கிறதா, சொல்லுங்கள். கூசுகிறதா, சொல்லுங்கள். குத்துகிறதா, சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். சொல்வது அவமரியாதை அல்ல. செய்தவரின் கைக்கு நாம் செய்யும் மரியாதையே அதுதான். வாய் திறந்து காட்டுவதற்கு மட்டுமா ஐயா பல் டாக்டர்? வாய் திறந்து சொல்வதற்கும்தான்!

தட்டுங்கள், தட்டுங்கள். போதும்.

கொஞ்சம் இருங்கள். தெருவில் ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது. என் வீட்டுக்காரி தனம்தான் இறங்குகிறாள். அவள் கைபிடித்து இறங்குவது என் அக்கா. புதுக் கேப்பில் நான் அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. தைரியம் வரவில்லை. டாக்டர் அம்மா கட்டடம் திறக்கிறார்கள், போய்விட்டு வரலாம் என்று மட்டும் தனத்தை விட்டுச் சொல்லி அழைத்துவரச் செய்தேன். மேடையில் யார் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் பந்தல் வாசலுக்கு வரும்வரை நான் வாயே திறக்கப் போவதில்லை. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் என் பெயரைச் சொல்ல மாட்டேன். நன்றியுரை மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

.........

தலைமை ஏற்றுத் தகைமை சேர்த்த அண்ணன் அவர்களுக்கு நன்றி. இடிக்கிறது என்றதும் இன்முகம் காட்டிய மருத்துவருக்கு, என் நாவின் நன்றி. தரையில் அமர்ந்து தளராத அன்போடு கேட்ட தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் நன்றி. திசையெல்லாம் தெரிய நிற்கும் இந்தத் திருவண்ணாமலைக்கு நன்றி...

என்னண்ணே? கடைசி வரிசையில் கையை ஆட்டுகிறீர்களே, என்ன? இங்கே கேட்கவில்லை. அந்தம்மா என்ன சொல்றாங்க? சத்தமா சொல்லுங்க.

"ஏன்டி தனம், கலையன் பேசறானே, அவன் சாப்ட்டானா இல்லியா"ன்னு கேக்கறாங்களா?

இன்னும் சாப்பிடலக்கா. பந்தலண்ட உக்காரு, தோ வந்துட்டேன்.

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.