சாவியில் இருந்த மணி

இல்லக்கா, முப்பத்திநாலு வருஷமா நான் இதை நம்பினதே கிடையாது. என் பொண்டாட்டி சொல்ற கதையைத்தான் சொல்றேன். எத்தனை கல்யாணத்துல, எத்தனை விருந்துல சொல்லியிருப்பா தெரியுமா? துணிப்பைக்குள்ள கையை விட்டேன், கைக்கு எந்தச் சாவி வந்துச்சோ அதை எடுத்தேன், பார்த்தா இந்த மனுஷன்னு. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாங்க எல்லாரும். நானும் சிரிச்சு வைப்பேன். வேற என்ன பண்றது?

கையெழுத்தா? போடுறேன் போடுறேன். ஸ்கூட்டரை உடைக்கக் குடுக்கத்தானே உங்க பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கேன். இதோ பாருங்க, அடையாள அட்டை, கையெழுத்துக்குப் பதிலா குத்தற பேர் முத்திரை, வண்டியோட புத்தகம், எல்லாம் இருக்கு. வண்டி என் பேர்லதான். எங்கப்பா பேர்ல இருந்துச்சு, அவர் போனப்புறம் மாத்தினது. ரெண்டு தடவை இன்ஜினை இறக்கி ஏத்தியாச்சு. ஆனா தகடு, ஹேண்டில், பின்னாடி இந்தக் கம்பி எல்லாம் அப்போ இருந்ததுதான். கிட்ட வந்து மோந்து பாருங்க, இன்னும் மீன் வாடை போகலை. எங்கப்பா சிகு கடலோரத்துல பால்மீன் பண்ணை வச்சிருந்தார். விடியக்காலையில ரெண்டு பெட்டி இதுல கட்டி தைனான் சந்தைக்கு ஓட்டிட்டு வருவார். நான் காலேஜ்ல சேர்ந்தப்போ இதை என்கிட்ட குடுத்துட்டு அவர் வேற வாங்கிக்கிட்டார். எனக்கு வந்தது இது. மீனோட சேர்த்து.

என்ன, உடைக்க வேண்டாமா? யார் வாங்குவா இதை? பழைய வண்டி வாங்கறதுக்குன்னே பசங்க வர்றாங்களா? மெருகு போட்டு, காப்பிக்கடை வாசல்ல நிறுத்தி போட்டோ எடுக்கறதுக்கா? நல்லா இருக்குக்கா கூத்து. இதே வண்டியில சிக்னல்ல போய் நின்னா, பக்கத்துல ஸ்கூல் பசங்க மூக்கைப் பொத்துறாங்க. பொகையாம். போன மாசம் ஒரு பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிட்டுக் கேக்குறா: மாமா, இன்னுமா இதெல்லாம் ஓட்டுறீங்கன்னு. எங்கப்பா இதை வாங்கிட்டு வந்த அன்னைக்கு எங்க தெருவே திரண்டு வந்து தொட்டுப் பார்த்துச்சு. சிவப்புத் துணி கட்டி கோயில் வாசல்ல நிறுத்தினாங்க. எங்கம்மா ஒரு வாரம் யாரையும் சீட்டுல உக்கார விடலை. அதே வண்டிதான்.

ஆமா, கதையைப் பாதியில விட்டுட்டேன். நீங்க காலேஜ் போனதில்லைன்னு சொன்னீங்கல்ல, அதனாலதான் சொல்றேன். அப்போ சாவி எடுக்கறதுன்னு ஒண்ணு இருந்துச்சு. நாங்க பதினஞ்சு பசங்க, இன்னொரு காலேஜ்லேர்ந்து பதினஞ்சு பொண்ணுங்க. எல்லாரும் ஒரு இடத்துல கூடுவோம். பசங்க சாவியை எல்லாம் ஒரு பைக்குள்ள போட்டுடணும். பொண்ணுங்க ஒவ்வொருத்தரா வந்து, பைக்குள்ள பார்க்காம கையை விட்டு ஒரு சாவி எடுக்கணும். யார் சாவி வருதோ அவன் வண்டியில, அன்னைக்குப் பூரா அவன் முதுகுக்குப் பின்னாடி. விதின்னு சொல்லுவாங்க. ஆனா பொண்ணுங்க என்ன அவ்வளவு விவரம் இல்லாதவங்களா? யார் சாவியில என்ன தொங்குதுன்னு முன்னாடியே கேட்டு வச்சிருப்பாங்க. கையை விட்டுத் துழாவுவாங்க. ஒருத்தன் பொம்மை மாட்டியிருப்பான், ஒருத்தன் தோல்பட்டை.

எங்க வகுப்பு லியாவ் மாட்டியிருந்தது மணி.

பித்தளையில, கட்டைவிரல் நகம் அளவுக்கு. நடந்து வந்தாலே தெரியும், லியாவ் வர்றான்னு. அவன் வண்டி புத்தம்புதுசு, வெள்ளை. அவங்கப்பாவுக்கு டயர் கடை. எங்க வகுப்புல ஸ்கூட்டர் இல்லாத பையனுக்குப் பேரே கிடையாதுக்கா, அவனை யாரும் எதுக்கும் கூப்பிடமாட்டாங்க. எனக்கு ஸ்கூட்டர் இருந்துச்சு. ஆனா என்னை மீன்பெட்டின்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கு முந்தின தடவை போனப்போ என் சாவியை எடுத்த பொண்ணு, வண்டியைப் பார்த்ததுமே தலைவலின்னு உக்காந்துட்டா. அப்புறம் எல்லாரும் கிளம்பறப்போ அவ இன்னொரு வண்டியில மூணாவது ஆளா தொத்திக்கிட்டுப் போறா. தலைவலி எங்க போச்சோ. நான் நாப்பது மைல் தனியா ஓட்டினேன். பின்சீட்டுல எல்லாரோட சோத்துப் பொட்டலத்தையும் கட்டி விட்டாங்க. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. இப்போ எனக்கே சிரிப்பு வருது.

அடுத்த தடவை குவான்சிலிங் மலைக்கு. அந்தச் சேத்து வெந்நீர் ஊத்து இருக்குல்ல, அங்கே. காலேஜ் வாசல்ல இருக்கிற சோயாப்பால் கடையில எல்லாரும் கூடினோம். காலையில ஆறரை மணி. சாவியெல்லாம் பைக்குள்ள போயிடுச்சு. பொண்ணுங்க ஒவ்வொருத்தியா வர்றாங்க. ஒன்பதாவதோ பத்தாவதோ வந்தது இவதான், என் பொண்டாட்டி பி-யூன். நீலச் சட்டை. கையை உள்ள விட்டா. துழாவினாக்கா. மத்தவங்க மாதிரி இல்ல, நல்லா துழாவினா. அப்புறம் கையை எடுத்தா. கிணிங்.

பசங்க ஒரே விசில். லியாவுக்கு அடிச்சுதுடா, லியாவுக்கு அடிச்சுதுடான்னு கத்துறாங்க. அவனும் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டு அந்த வெள்ளை வண்டிக்கிட்டப் போய் நின்னுட்டான், மாப்பிள்ளை மாதிரி.

அவ என்ன பண்ணினா தெரியுமா? நடந்து வந்தா. வெள்ளை வண்டியைத் தாண்டினா. நேரா என் வண்டிக்கு வந்து, சாவியைப் போட்டு, திருப்பினா. திரும்பிடுச்சு.

ஆமாக்கா, என் சாவிதான். என் சாவியிலதான் அவன் மணி இருந்துச்சு. லியாவ் ஓடி வந்து பார்க்குறான்: மணி என்னுது, சாவி என்னுது இல்லையே, என்னடா இதுங்கிறான். பைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சிக்கி வளையம் மாறிப் போயிருக்கும்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. முப்பது பேர் நிக்குறாங்க, மலைக்குப் போக நேரமாச்சு, யார் அதை ஆராய்ச்சி பண்றது? மணியைக் கழட்டி அவன்கிட்ட குடுத்துட்டேன். அவ என் பின்னாடி ஏறி உக்காந்தா. மூக்கைக்கூடச் சுளிக்கலை. மூணாவது வருஷம் கல்யாணம்.

அதுதான் விஷயம். ஊருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. எனக்கு அப்படி இல்ல. அவ பைக்குள்ள துழாவினது மணியை. அப்போ யாரைத் தேடினா? லியாவைத் தேடியிருக்கா. நான் வந்து மாட்டிக்கிட்டேன். நல்ல பொண்ணு, கௌரவமான பொண்ணு, முப்பது பேர் முன்னாடி ஒருத்தனை அவமானப்படுத்தக் கூடாதுன்னு ஏறி உக்காந்திருக்கா. அப்படியே முப்பத்திநாலு வருஷம் உக்காந்துட்டா. இப்படி நினைச்சு நினைச்சே நான் பாதி ஆளா போயிட்டேன்.

பைத்தியக்காரத்தனமா? இருக்கலாம். ஆனா நீங்க அவனைப் பார்த்ததில்லையே. அம்பத்தஞ்சு வயசாகுது. தலைமயிர் அப்படியே இருக்கு. சாயம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் சாயம் அடிக்கவாவது இருக்குல்ல?

நான் சும்மா இருக்கலை. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க மாமியார் கேட்ட முதல் கேள்வியே, பையன் கார் வச்சிருக்கானா, இல்ல மழையில நனையற கேஸான்னுதான். அதுக்குள்ள காலம் மாறிப்போச்சு பாருங்க. ஸ்கூட்டர்னா வக்கில்லாதவன்னு ஆயிடுச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரும் கார். நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு கார் வாங்கினேன். லியாவ் அப்போ டயர் கடை நொடிச்சுப் போய், அதே வெள்ளை ஸ்கூட்டர்ல பொண்டாட்டியோட சுத்திக்கிட்டிருக்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. ஒரு நாள் நல்ல மழை. ரயில்வே ஸ்டேஷன் சிக்னல்ல நிக்குறோம். எங்களுக்கு முன்னாடி, ஸ்கூட்டர் நிறுத்தற அந்தக் கட்டத்துக்குள்ள, அவன். பின்னாடி அவன் பொண்டாட்டி, அவனோட மழைக்கோட்டுக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டு. தலையும் தெரியலை, முகமும் தெரியலை, முதுகுல ஒரு மூட்டை. அந்த மூட்டை குலுங்குது. உள்ள சிரிக்குறா. ரெண்டு பேரும் என்னமோ பேசிச் சிரிக்குறாங்க.

நான் பி-யூனைப் பார்க்குறேன். ஏசி போட்ட காருக்குள்ள, நனையாம, காஞ்ச துணியோட உக்காந்திருக்கா. கண்ணாடியில படிஞ்ச ஆவியைக் கையால துடைக்குறா. துடைச்சுட்டு அவங்களையே பார்க்குறா. அப்புறம் கண்ணாடியைக் கொஞ்சமா இறக்குறா. சாரல் அவ முகத்துல அடிக்குது, ஏத்தவே இல்ல. சிக்னல் விழுந்து, பின்னாடி ஹாரன் அடிக்குறாங்க, நான் நகரவே இல்ல. அப்படி என்ன பார்க்குறன்னு அவகிட்ட கேட்டேன். ஒண்ணுமில்லயேன்னா. அந்த ஒண்ணுமில்லயை நான் எத்தனை வருஷம் சுமந்திருக்கேன் தெரியுமா?

அடுத்த வாரத்துலேர்ந்து அவ ஆபீசுக்குக் கார்ல வரமாட்டேன்னுட்டா. நிறுத்த இடம் கிடைக்கலை, இதுவே போதும்னு இந்த மீன்பெட்டியை எடுத்துக்கிட்டுப் போக ஆரம்பிச்சா. நேத்து வரைக்கும் இதுலதான் போனா. பொகை வருது, மானம் போகுதுன்னு நான் சொல்லாத நாள் இல்ல. கேக்கவே மாட்டா. அவளுக்கு ஸ்கூட்டர் மேல இருக்கிற ஆசை, வேற எதையோ நினைச்சுக்கிட்டுத்தான்னு எனக்குத் தோணும். எதைன்னு கேக்குறீங்களா? நீங்க ஒண்ணு.

இப்போ மறுபடி சக்கரம் சுத்திடுச்சு. பேட்டரி ஸ்கூட்டர். பொகை இல்ல, சத்தம் இல்ல, தெருமுனையில போய்ப் பேட்டரியை மாத்திக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். டாக்டர் ஓட்டுறார், வாத்தியார் ஓட்டுறார். தைபேயில என் மக, பெரிய கம்பெனியில இருக்கா, காரே வேண்டாம்ப்பா, அதெல்லாம் பழைய ஆளுங்களுக்குங்கிறா. நான் பழைய ஆள்! இந்தப் பேட்டரி ஸ்கூட்டரை நம்ம ஊர்ல விக்கிறது யாருன்னு நினைக்குறீங்க? ஆமா. அவனேதான். அந்தப் பெரிய கண்ணாடிக் கடை. ஸ்கூட்டருக்கு மரியாதை இருந்தப்போ அவன்கிட்ட வெள்ளை வண்டி. மரியாதை போனப்போ அவன்கிட்ட மழைக்கோட்டும் சிரிப்பும். மரியாதை திரும்பி வந்தா அவன்கிட்ட கடை. நான் எந்தப் பக்கம் போனாலும் அவன் எனக்கு முன்னாடி போய் நிக்குறான்.

போன வாரம் பி-யூன் சொல்றா: காரை வித்துடலாம், பழசை உடைக்கக் குடுத்துட்டு, லியாவ்கிட்ட ரெண்டு பேருக்கும் ஒரு புது வண்டி எடுத்துக்கலாம்னு. எவ்வளவு சாதாரணமா சொல்றா பாருங்க! இன்னைக்குக் காலையில என்னை இங்கே அனுப்பிட்டு, அவ நேரா அவன் கடைக்குப் போயிருக்கா, கலர் பார்க்க. இப்போ அங்கேதான் இருக்கா. அவன் டீ ஊத்திக் குடுத்துக்கிட்டிருப்பான்.

பழசை உடைச்சாச்சுன்னு நீங்க குடுக்கிற சீட்டை நான் அவன் கடையில கொண்டுபோய்க் குடுத்தாத்தான் புது வண்டி. அதான் கை ஓடலை. இதை உடைச்சுட்டா அவ என் சாவியை எடுத்தாங்கிறதுக்கு வேற என்ன இருக்கு என்கிட்ட?

என்ன கேட்டீங்க?

இல்ல, இன்னொரு தடவை சொல்லுங்க.

அவ எப்படி நேரா என் வண்டிக்கு வந்தான்னா? சாவியில மீன் வாடை அடிச்சிருக்கும்க்கா. அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டேன். வேற எப்படி? எல்லாரும் லியாவ் லியாவ்னு கத்துறாங்க, கையில லியாவோட மணி, எதிர்ல லியாவ் நிக்குறான். அவ ஒரு நிமிஷம்கூட நிக்கலை. தாண்டி வந்துட்டா. சாவியைப் பார்க்கக்கூட இல்ல. அதை நான்...

அதை நான் யோசிச்சதே இல்லக்கா. மணியையே நினைச்சுக்கிட்டிருந்திருக்கேன்.

இல்ல, மணி பைக்குள்ள தானா மாறலை. அது எப்படி மாறும், இரும்பு வளையம், நகத்தை விட்டு நெம்பணும். நான்தானே மாத்தினேன். லியாவ் சோயாப்பால் வாங்க வரிசையில நின்னான், சாவி மேஜை மேல கிடந்துச்சு. மணியைக் கழட்டி என் சாவியில மாட்டி, ரெண்டு சாவியையும் நானே பைக்குள்ள போட்டுட்டேன். மறுபடியும் சோத்துப் பொட்டலத்தோட போக எனக்குத் தெம்பு இல்ல. பசங்க யாரும் பார்க்கலை. பொண்ணுங்க எல்லாம் எதிர்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தாங்க. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டயும்தான்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம், சொல்லு. ஆமா, கடையிலதான் இருக்கேன். இன்னும் போடலை. பச்சையா? உனக்குப் பிடிச்சா பச்சையே எடு. இல்ல இல்ல, கோவம் இல்ல. அவன் பக்கத்துல இருக்கானா? கொஞ்சம் வெளியே வா. வா சொல்றேன். வந்துட்டியா?

பி-யூன், அன்னைக்கு சோயாப்பால் கடையில, நான் அந்த மணியைக் கழட்டி என் சாவியில மாட்டினப்போ, நீ ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தியா?