ரங்கன் ஓடிய சுற்றுகள்

சிட்டிபாபு: ...இந்தா, கேப்டன் கட்டற செவப்பு ரிப்பன். நீயே கட்டிக்கோ.

கோவர்த்தனன்: நானா? உன் பைலதான இருந்துச்சி. நீ கட்டிக்கோ.

சிட்டிபாபு: ரங்கன் முட்டி வீங்கி சித்தூரு ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறான். பாகாலா டீமுகாரனுங்க மூணு மணிக்கு நெட்டு கட்டிட்டு நிப்பானுங்க. கேப்டன் இல்லாம எப்பிடிடா ஆடறது?

கோவர்த்தனன்: அதான் சொல்றேன். நீ கட்டு.

சிட்டிபாபு: இந்த ரிப்பனுக்குதான் உங்க நைனா டிரில் மாஸ்டர் வூட்டுக்கு ஒரு மூட்ட வேர்க்கடல அனுப்பினாரு.

கோவர்த்தனன்: உங்க நைனா அனுப்பின வெல்லத்துக்குப் பக்கத்துலதான் எறக்கினாங்க.

சிட்டிபாபு: ரெண்டயும் திருப்பி அனுப்பிட்டாரு. அனுப்பிட்டு... ரங்கனுக்குக் கட்டிட்டாரு.

கோவர்த்தனன்: எங்க நெலத்துல கூலிக்கு அறுக்கறவங்க வூட்டுப் பையன். தெனம் அவன் முன்னால குனிஞ்சி வணங்கிட்டுதான் கிரவுண்டுல எறங்கணும். ஏன்னா ஜப்பான்ல அப்பிடியாம்.

சிட்டிபாபு: கிரவுண்டயும் நாமளே பெருக்கணுமாம். என் கையில தொடப்பத்தப் பாத்துட்டு எங்கம்மா ரெண்டு நாளு சோறு துன்னல.

கோவர்த்தனன்: மாஸ்டரு மலேயாவுல ஜப்பான்காரன்கிட்ட வாலிபாலும் கத்துக்கினாரு, அடியும் துன்னாரு. அடிய அங்கியே வுட்டுட்டு வந்துட்டாரு.

சிட்டிபாபு: அத எடுத்தாந்திருக்கலாம். வாங்கினு போயிருப்போம். நாம பந்த கீழ வுட்டா கேப்டன் கிரவுண்ட சுத்தி ஓடணுமாம். ஒரு பந்துக்கு ஒரு ரவுண்டு...

கோவர்த்தனன்: மெல்ல பேசு. வர்றாரு.

சின்னசாமி மாஸ்டர்: பஸ்சு இன்னும் வரலயா?

சிட்டிபாபு: லேட்டு சார். ரங்கன் எப்பிடி கீறான்?

சின்னசாமி மாஸ்டர்: ரெண்டு மாசம் ஓடக்கூடாது. அப்புறம் சரியாயிடும்னாரு டாக்டரு. ஆனா ஏப்ரல்ல அவன் ஊரு ஆந்திராவ வுட்டு மெட்ராஸ் ராஜ்யத்துல சேருது. அதுக்குள்ள பேரு எழுதினாதான் இங்க போலீஸ் டீமுல வேல. பாகாலா ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரு இன்னிக்கு எழுதறாரு.

கோவர்த்தனன்: கால் இப்பிடி இருக்கசொல்ல எப்பிடி சார் எழுதுவாரு?

சின்னசாமி மாஸ்டர்: கால் ஆறட்டும், பரவால்லனுட்டாரு. பையன் கேப்டனா எப்பிடின்னுதான் கேக்கறாரு. நான் பொய் சொல்ல முடியுமா?

சிட்டிபாபு: என்ன சார் சொல்லப் போறீங்க?

சின்னசாமி மாஸ்டர்: உள்ளத. ஒரு மாசத்துல டீமு எரநூத்திப் பன்னெண்டு பந்து வுட்டுச்சி. கூட ஆடறவங்களப் பழக்கத் தெரியாத பையன்னு. சரி, ரிப்பன யாரு கட்டிக்கிறீங்க? ஏன்டா, ரெண்டு பேரும் கையப் பின்னால கட்டிக்கினு நிக்கறீங்க? போன மாசம் இதுக்குதான அடிச்சிக்கினீங்க.

கோவர்த்தனன்: இவன் கட்டட்டும் சார்.

சிட்டிபாபு: நான் மாட்டேன் சார். நான் கட்டினா, இவன்...

சின்னசாமி மாஸ்டர்: இவன்?

சிட்டிபாபு: ஒண்ணுமில்ல சார்.

சின்னசாமி மாஸ்டர்: மலேயாவுல எங்க கேப்டன் ரப்பர் மரத்துல பால் வெட்டினவன். நான் வுட்ட பந்துக்கு அவன் ஓடினான். மூணாவது ரவுண்டு வர்றதுக்குள்ள என்னால நிமிந்து பாக்க முடியல. அன்னியோட என் கை பழகிடுச்சி. உங்களுக்கு மட்டும் ஏன் பழகலன்னு எனக்கு வெளங்கவே இல்ல.

கோவர்த்தனன்: ரங்கன்... எங்களப் பத்தி ஏதாவது சொன்னானா சார்?

சின்னசாமி மாஸ்டர்: சொன்னான். அவங்களத் திட்டாதீங்க சார், கை பழக இன்னும் கொஞ்சம் நாளாவும், மிச்ச ரவுண்ட கால் ஆறினதும் ஓடிடறேன்னான். பஸ்சு வருது. ஏறுங்க.

சிட்டிபாபு: சார்... இன்ஸ்பெக்டர்கிட்ட நாங்களும் வர்றோம்.

சின்னசாமி மாஸ்டர்: நீங்க எதுக்கு?

கோவர்த்தனன்: எங்க கை மொத வாரமே பழகிடுச்சி சார். அவன் ஓடறதப் பாக்கதான் பந்த வுட்டோம்.